மரச்செக்கு எண்ணெய்க் கடை: திறப்பு நாளுக்கு முந்தைய வேலைகள்

மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் தொழிலில் இறங்க விரும்புகிறவர்களில் பலர் முதலில் போய் நிற்கும் இடம் செக்கு செய்யும் பட்டறைதான். வாகைமர உரலில் உலக்கை சுழல்வதையும் எண்ணெய் கசிந்து வடிவதையும் பார்த்த மகிழ்ச்சியில் அங்கேயே முன்பணத்தையும் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். மானியத்தோடு கடன் வாங்கும் எண்ணம் உள்ளவருக்கு இது பெரும் தவறு. பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே உரியது. மானியமும் வங்கிக் கடனோடு சேர்த்தே வரும். வங்கியும் பட்டறையின் விலைப்புள்ளியை வாங்கி வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கான பணத்தை நேரே விற்பவருக்குத்தான் அனுப்பும். கைக்காசில் இயந்திரத்தை வாங்கி ஓட்டத் தொடங்கிய பிறகு மானியம் கேட்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால், உங்களுடையது ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று ஆகிவிடும். தொழிலுக்கு அடித்தளம் போடுவதில் பாதி வேலை, எதற்குப் பின் எது என்ற வரிசையைப் பிடிப்பதுதான்.

அந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு நோட்டுப்புத்தகக் கணக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு, பருப்பின் தரத்தைப் பொறுத்து, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். எடுத்துக்காட்டாகப் பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கு 325, சொத்தையும் கல்லும் பொறுக்கிய கழிவுக்கு 10, கூலிக்கும் மின்சாரத்துக்கும் 25, பாட்டில், மூடி, லேபிளுக்கு 18, வாடகையில் அந்த லிட்டரின் பங்கு 12 என மொத்தம் 390 ரூபாய் ஆகிறது. ஆட்டிய பின் மிஞ்சும் புண்ணாக்கு ஏறக்குறைய 1.4 கிலோ, அது கிலோ 45 ரூபாய்க்குப் போனால் 63 ரூபாய் திரும்ப வரும். ஆக, அடக்க விலை 327. இதை உங்கள் கடையிலேயே 380 ரூபாய்க்கு விற்றால் 53 ரூபாய் நிற்கும். அதே பாட்டிலை மளிகைக் கடையில் வைக்கச் சொல்லிக் கடைக்காரருக்கு 15 விழுக்காடு, அதாவது 57 ரூபாய் கொடுத்தால், உங்கள் கைக்கு வருவது 323. லிட்டருக்கு நான்கு ரூபாய் நட்டம். இங்கே சொன்ன விலைகளுக்குப் பதில் உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கை நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். புண்ணாக்கு வாங்க ஆள் இருக்கிறாரா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். பால்மாடு அதிகமுள்ள ஊரில் அதைப் பற்றிக் கவலை இல்லை; நகரத்துக்குள் கடை வைப்பவருக்கு அது மூட்டை மூட்டையாகத் தேங்கி, வண்டு விழுந்து, கணக்கையே கவிழ்த்துவிடும்.

கணக்கு தேறினால் அடுத்து மூலப்பொருள். கொப்பரைக்கு அவல்பூந்துறை, எள்ளுக்குச் சிவகிரி, நிலக்கடலைக்குத் திண்டிவனம், விழுப்புரம் என்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இருக்கின்றன. ஏலம் நடக்கும் நாளில் ஒருமுறை போய் ஓரமாக நின்று பார்த்தாலே விலை எப்படி ஏறி இறங்குகிறது என்பது பிடிபடும். தரத்தைக் கையாலேயே சோதிக்கலாம். நன்கு காய்ந்த கடலைப் பருப்பை இரு விரலால் அழுத்தினால் சட்டென்று உடையும். வளைந்து நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரப் பருப்பை மூட்டையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதிலிருந்து அஃப்லடாக்சின் என்ற நச்சும் உண்டாகும். கொப்பரை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வெளுப்பாகத் தெரிவதற்காகக் கந்தகப் புகை போட்ட கொப்பரையில் மூக்கை நெருடும் வாடை இருக்கும். அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தனியாகத் தொடங்குகிறவருக்கு உரிமை பற்றிய சிக்கல் பெரிதாக இல்லை. மைத்துனரோடோ நண்பரோடோ சேர்ந்து தொடங்குகிறவர்கள்தான் ‘நமக்குள் என்ன எழுத்து’ என்று விட்டுவிடுகிறார்கள். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இலாபமும் நட்டமும் சமபங்காகவே பிரியும். ஒருவர் எட்டு இலட்சமும் மற்றவர் இரண்டு இலட்சமும் போட்டிருந்தாலும் அப்படித்தான். ஆகவே யார் எவ்வளவு போட்டார், கடையில் நாள் முழுதும் நிற்பவருக்குச் சம்பளம் உண்டா, ஒருவர் விலகினால் செக்கு யாருக்கு என்பவற்றை ஒப்பந்தமாக எழுதிப் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் பதிவு பெறாத கூட்டு நிறுவனம், கடனுக்குச் சரக்கு எடுத்துவிட்டுப் பணம் தராத கடைக்காரர்மேல் அந்தப் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது.

இதற்குப் பிறகுதான் இடம். வாடகை ஒப்பந்தத்தில் கதவு எண்ணும் தெருப் பெயரும் எப்படி எழுதப்படுகின்றனவோ, அதே எழுத்துதான் இனி எல்லா விண்ணப்பத்திலும் வர வேண்டும். நான் இதில் அலட்சியமாக இருந்து பட்டிருக்கிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு வருவதற்கு முன்பே அவசரப்பட்டு மூவாயிரம் லேபிள் அச்சடித்தேன். பதிவுச் சான்றில் இருந்த முகவரியும் லேபிளில் இருந்த முகவரியும் ஒத்துப்போகாததால் அத்தனையும் எடைக்குப் போயின.

கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைப் பெற்று மும்முனை மின் இணைப்புக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டு இணைப்பில் மோட்டாரை ஓட்டிப் பிடிபட்டால், மின்சாரச் சட்டப்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கட்ட நேரும். குறுந்தொழில்களுக்குத் தனி மின்கட்டண வகை இருப்பதால், உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) சான்றையும் விண்ணப்பத்தோடு இணைப்பது நல்லது. உத்யம் பதிவு ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் நாமே செய்துகொள்ளக்கூடியது. அரசு இதற்கு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசினுடையது அல்ல. அந்தச் சான்றையும் வாடகை ஒப்பந்தத்தையும் கொண்டு தொழில் பெயரில் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கலாம். கடையின் கியூஆர் அட்டை அந்தக் கணக்கோடு மட்டுமே இணைந்திருக்கட்டும். வீட்டுச் செலவும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், மேலே சொன்ன 53 ரூபாய் உண்மையில் நிற்கிறதா என்பது ஆண்டு முடிந்தாலும் தெரியாது.

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. அதில் கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளில் இடம்பெற வேண்டும். அதோடு தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த நாள், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற நாள், தொகுதி (பேட்ச்) எண், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, பாட்டிலின் அளவைப் பொறுத்து மில்லிலிட்டருக்கோ லிட்டருக்கோ ஆன அலகு விலை, ஊட்டச்சத்து விவரம், சைவ உணவுக்கான பச்சைக் குறி, புகார் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவையும் வேண்டும். லேபிள் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருப்பது கட்டாயம், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ‘இதய நோயைத் தீர்க்கும்’ போன்ற வாசகங்கள் சட்டப்படி தவறு. ‘தூய’, ‘பாரம்பரிய’ என்று போடுவதற்கும் விதிகள் இருக்கின்றன. தூக்குவாளி கொண்டுவருபவருக்குப் பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுப்பது ஊர்ப் பழக்கமானாலும், சமையல் எண்ணெயைப் பொதி செய்யாமல் சில்லறையாக விற்பதை, மாநில அரசு விலக்கு அளித்தாலன்றி, விதிகள் தடுக்கின்றன. மின்னணுத் தராசுக்கு முத்திரை ஆய்வாளரிடம் ஆண்டுதோறும் முத்திரை பெற வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும் என்பதை வேலைக்கு இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள். ‘கிலோவா லிட்டரா’ என்ற வாக்குவாதம் முதல் வாரத்திலேயே வரும்.

ஜிஎஸ்டி பதிவைப் பற்றி அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சத்தைத் தாண்டும்வரை அது கட்டாயமில்லை. புதுச்சேரியில் கடை வைப்பவருக்கு அந்த வரம்பு 20 இலட்சம்தான். ஆனால் பெங்களூரில் இருக்கும் உறவினர் கேட்டார் என்று கூரியரில் விற்கத் தொடங்கினால், முதல் பாட்டிலுக்கே பதிவு வேண்டும். வரியைச் சுலபமாகக் கட்ட உதவும் தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது.

கடையின் பெயரைப் பலகையில் எழுதும் முன், அதே பெயர் எண்ணெய் வகைகள் அடங்கும் 29ஆம் வகுப்பில் வணிகக் குறியாக வேறு யாருக்காவது இருக்கிறதா என்று வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தேடலுக்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்யத் தனிநபருக்கும், உத்யம் சான்று பெற்ற சிறு நிறுவனத்துக்கும் இணைய வழியில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும்.

திறப்பு நாளை இவையெல்லாம் கைக்கு வந்த பிறகு குறியுங்கள். நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டுப் பதிவு எண்ணுக்காகக் காத்திருப்பவரின் அவதி சொல்லி மாளாது. புதிய மர உரல் முதலில் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், மர வாடையும் எண்ணெயில் ஏறும். அதனால் முதல் சில தடவை ஆட்டுவதைச் செக்கைப் பழக்குவதற்கென்றே ஒதுக்கிவிட்டு, அந்த எண்ணெயை விற்பனைக்கு வைக்காமல் தவிர்த்துவிடுங்கள். அதன்பின் ஆட்டுவதையும் இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்துக் கசடு இறங்கிய பிறகுதான் பாட்டிலில் ஊற்ற முடியும். ஆகவே திறப்பு நாளுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகச் செக்கு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.