பெங்களூர்ல கன்னடம் பழக ஒரு சின்ன ரூல்

பெங்களூர்ல வருஷக்கணக்கா இருந்தும் கன்னடம் வரலைன்னு சொல்ற நம்மாளுங்க நிறைய பேரு, காரணம் சிம்பிள், காய்கறிக்காரர்ல இருந்து ஆட்டோக்காரர் வரைக்கும் தமிழ்லயே பதில் சொல்லிடுறாங்க. அதனால ஆப், கிளாஸ் எல்லாம் அப்புறம், முதல்ல ஒரு ரூல் போட்டுக்கோங்க: கடைல, பஸ்ல முதல் வாக்கியம் கன்னடத்துலதான். "எஷ்டு?" (எவ்வளவு?), "அர்த கேஜி கொடி" (அரை கிலோ கொடுங்க), "இல்லி நில்ஸி" (இங்க நிறுத்துங்க), ஆரம்பிக்க இவ்வளவு போதும். அவங்க தமிழுக்குத் தாவினாலும் நீங்க தாவாதீங்க. நம்ம 'ப' அங்க பல இடத்துல 'ஹ' ஆகும், பத்து ஹத்து, பால் ஹாலு, பூ ஹூவு, இது பிடிபட்டா காதுல விழுறதுல பாதி புரிஞ்சிடும் (மீதிக்கு முழிக்கணும், பரவால்ல).

ரூலை ஒரு வாரம் மட்டும் ஓட்டிப் பாருங்க. அந்தக் கால அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின், தான் வளர்த்துக்க நினைச்ச 13 நல்ல குணங்களை வாரத்துக்கு ஒண்ணா எடுத்து, தவறினப்ப எல்லாம் நோட்டுல புள்ளி வெச்சாராம், அதே மாதிரி போன் காலண்டர்ல குறிச்சுக்கோங்க. புள்ளி ஒரே இடத்துல, உதாரணமா ஆட்டோ பேரத்துல, விழுந்துட்டே இருந்தா உங்களைத் திட்டிக்காதீங்க, ரூல்ல இருந்து ஆட்டோவை எடுத்துடுங்க. ஆஸ்பத்திரி, பேங்க்குக்கு ஆரம்பத்துலயே லீவு விட்ருங்க, அங்க தப்பா புரிஞ்சுக்கிட்டா வம்பு.