பல் மருத்துவக் கல்லூரிக்கு முன் ஓராண்டு டென்டல் அசிஸ்டென்ட் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பல் மருத்துவப் படிப்பு இந்தியாவைப் போலப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் தொடங்குவதில்லை. இளங்கலைப் பட்டம் பெற்ற பிறகே பெரும்பாலோர் டிடிஎஸ் அல்லது டிஎம்டி என்னும் நான்காண்டுப் படிப்பில் சேர்கிறார்கள். பட்டத்துக்கும் கல்லூரிக்கும் இடையே ஓராண்டு விட்டு, அந்த ஆண்டில் ஒரு கிளினிக்கில் டென்டல் அசிஸ்டென்ட்டாக, அதாவது பல் மருத்துவருக்கு அருகிலிருந்து உதவுபவராக, வேலை பார்ப்பது நல்ல வழிதான். 'பட்டம் வாங்கிய பிள்ளை எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதா' என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அந்தக் கவலை தேவையற்றது. கவலைப்பட வேண்டியவை வேறு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு நாட்காட்டியைப் பார்க்காமல் திட்டமிடுவது. பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆட்சாஸ் என்னும் பொது விண்ணப்பத்தை ஜூன் மாதத் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். வகுப்புகள் அடுத்த ஆண்டுக் கோடையில்தான் தொடங்கும். வந்த வரிசையிலேயே விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் கல்லூரிகள் பல இருப்பதால், சீக்கிரம் அனுப்புபவருக்கே வாய்ப்பு அதிகம். ஆகவே 2026 மே மாதம் பட்டம் பெறும் ஒருவர் 2027-இல் கல்லூரியில் சேர வேண்டுமானால், 2026 ஜூனிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். அதே ஜூனில்தான் அவர் கிளினிக்கில் முதல் நாள் வேலைக்குப் போகிறார் என்றால், அந்த ஓராண்டு அனுபவத்தில் விண்ணப்பத்துக்குள் இடம்பெறுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இலையுதிர்காலத்தில் வரும் நேர்காணல்களில் அதைப் பற்றிப் பேசலாம், அவ்வளவே. அனுபவம் விண்ணப்பத்திலேயே தெரிய வேண்டுமென்று விரும்புபவர், இளங்கலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ வாரம் ஒரு நாளாவது வேலையைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஓராண்டு இடைவெளி போதாது, இரண்டாண்டு வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். டிஏடி என்னும் பல் மருத்துவ நுழைவுத் தேர்வையும் வேலை தொடங்குவதற்கு முன் முடித்துவிடுவது நலம், ஏனெனில் எட்டு மணி நேரம் நோயாளியின் நாற்காலி ஓரத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு இரவில் கரிம வேதியியல் படிப்பது எளிதன்று.

சம்பளம் வாங்கிய நேரத்தை ஷேடோயிங் கணக்கில் எழுதுவது அடுத்த தவறு. மருத்துவர் வேலை செய்வதைக் கை வைக்காமல் கவனித்த நேரமே ஷேடோயிங். உதவியாளர் வேலை விண்ணப்பத்தில் வேலைவாய்ப்பு என்னும் தனிப் பிரிவில் சேரும். ஒரே கிளினிக்கில் ஆயிரம் மணி நேரம் உழைத்தவர்கூட, ஈறு மருத்துவர், குழந்தைகள் பல் மருத்துவர் போன்ற வேறு சிலரையும் தனியாகக் கவனித்திருக்க வேண்டுமென்று கல்லூரிகள் எதிர்பார்க்கலாம்.

மாநிலச் சட்டத்தை அறியாமல் வேலையில் இறங்குவதன் ஆபத்தைப் பலரும் உணர்வதில்லை. உதவியாளர் எதைச் செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸில் மாநில வாரியத்தில் பதிவு செய்யாத உதவியாளர் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது. கலிபோர்னியாவிலும் கதிரியக்கப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். 'இங்கேயே கற்றுத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் கிளினிக்கில், கூட்டம் அதிகமான நாளில் 'நீயே எடுத்துவிடு' என்று சொல்லக்கூடும். மறுக்கத் தயங்குவது ஒரு தவறு. அதைவிட விந்தையானது, அனுமதியில்லாமல் செய்த வேலையையே சாதனையாகத் தன்விளக்கக் கட்டுரையில் எழுதுவது. படிப்பவர்கள் பல் மருத்துவர்கள், அவர்களுக்குச் சட்டம் தெரியும்.

நாற்காலி ஓரத்தில் புதியவர் செய்யும் பிழை பெரும்பாலும் ஆர்வத்தால் வருவது. வருங்கால மருத்துவர் அல்லவா, பல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். மருத்துவரின் கையைப் பார்க்க மாட்டார். பெரிய சக்‌ஷன் குழாயை முதலில் வாய்க்குள் சரியான இடத்தில் வைத்த பிறகே மருத்துவரின் சிறு வாய்க்கண்ணாடியும் பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸும் உள்ளே வர வேண்டும் என்பது முறை. பின்னால் நுழைந்தால் இடமிருக்காது. அவசரத்தில் மென்னண்ணத்தைத் தொட்டுவிட்டால் நோயாளி குமட்டுவார். உதவியாளரின் இருக்கை மருத்துவரின் இருக்கையைவிட நான்கு முதல் ஆறு அங்குலம் உயரமாக இருக்க வேண்டும் என்பதையும் புறக்கணிக்கலாகாது. தாழ்வாக உட்கார்ந்து எட்டிப் பார்ப்பவரின் இடுப்பு சில வாரங்களில் அதைச் சொல்லிவிடும்.

ஊசி விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கூடாது. பயன்படுத்திய ஊசியின் மூடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மாட்டக் கூடாது. மூடியைத் தட்டில் வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் செலுத்த வேண்டும். ரத்தத்துடன் தொடர்புடைய வேலைக்குச் சேர்ந்த பத்து வேலைநாட்களுக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதலாளி தம் செலவில் அளிக்க முன்வர வேண்டும் என்பது ஓஷா என்னும் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் விதி. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. குத்திக்கொண்டால், திட்டு விழுமோ என்று மறைக்காமல், சோப்புப் போட்டுக் கழுவி உடனே தெரிவிக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. கருவிகளை நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவிலிருந்து ஈரத்தோடு எடுத்த பொட்டலங்களை அலமாரியில் அடுக்குவதும் இதே வகைத் தவறுதான், ஏனெனில் ஈரமான உறை கிருமியை உள்ளே விடும்.

தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது விசா. பெற்றோரின் எச்1பி விசாவைச் சார்ந்து எச்4 நிலையில் இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது; 21 வயதில் அந்த நிலையும் முடிந்துவிடும். எஃப்1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர், படிப்புக்குப் பிந்தைய ஓபிடி என்னும் வேலை அனுமதியில் பார்க்கும் வேலை, படித்த துறையோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். டென்டல் அசிஸ்டென்ட் வேலை தன் பட்டத்தோடு பொருந்துமா என்பதைப் பட்டம் பெற்ற கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் கேட்காமல் சேருவது, பல் மருத்துவக் கல்லூரிக் கனவையே பணயம் வைப்பதாகும்.

கடைசியாக, ஓராண்டில் கிளம்பிவிடுவோம் என்பதை வேலைக்கான நேர்காணலில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் உதவியாளரைப் பழக்கி எடுக்கச் சில மாதங்கள் ஆகும். அந்த உழைப்பைக் கொடுத்த மருத்துவரிடமே பிறகு பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியிருக்கும், கல்லூரி நேர்காணல்களுக்கு விடுப்பும் கேட்க வேண்டியிருக்கும். உண்மையை முதலிலேயே சொன்னால் சிலர் மறுத்துவிடுவார்கள். ஒப்புக்கொள்பவர்கள், ஓய்வான நேரத்தில் எக்ஸ்ரேயை விளக்கில் காட்டி 'இங்கே என்ன தெரிகிறது, சொல்' என்று கேட்பார்கள்.