பழைய விளம்பரத்தைப் பார்த்துச் சிரிக்கும் முன்

எய்ட்ஸ் எடுத்துக்கொண்டதால் உடம்பு இளைத்துவிட்டது என்று பெண்கள் பூரிப்போடு சொல்லும் பழைய அமெரிக்க விளம்பரம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வரும். கூடவே 'இப்படியா பெயர் வைப்பார்கள்?' என்ற கிண்டலும் வரும். ஆண்டைப் பார்க்காமல் சிரிக்கிறோம்; முதல் தவறு அதுதான்.

அது பசியை அடக்கும் மிட்டாய். சாப்பாட்டுக்கு முன் சூடான பானத்தோடு ஒன்றிரண்டு போட்டுக்கொள்ள வேண்டும். 1930களின் பிற்பகுதியில் வந்தது. நோய்க்கு அந்தப் பெயர் கிடைத்ததோ 1982இல்! ஆங்கிலத்தில் எழுத்து வேறு (மிட்டாய் Ayds, நோய் AIDS), உச்சரிப்பு ஒன்று. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் போச்சு. நம் 'நாற்றம்' மாதிரிதான். மலர் நாறியது என்று பழம்பாட்டில் படித்தால் யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வதில்லையே.

பெயர் வைத்தவர் மேல் பிழையில்லை. அப்புறம் விற்றவர்கள்தான் சொதப்பினார்கள். ஆளை உருக்கும் நோயும் ஆளை இளைக்க வைக்கும் மிட்டாயும் ஒரே பெயரில் ஒலிக்கும்போது, 1980களின் இறுதிவரை பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாற்றியபோதும் முன்னால் 'டயட்' என்று ஒட்டியதோடு சரி. கடைசியில் அந்த மிட்டாய், கடைகளை விட்டே போய்விட்டது.

இரட்டை அர்த்தம் என்றாலே விவரம் தெரியாமல் செய்தது என்று முடிவுகட்டுவதும் தவறு. ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ், பிரிட்டனில் தன் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கு 'நத்திங் சக்ஸ் லைக் அன் எலக்ட்ரோலக்ஸ்' என்று விளம்பரம் செய்தது. எலக்ட்ரோலக்ஸ் மாதிரி உறிஞ்ச வேறெதுவும் இல்லை என்று அர்த்தம்; 'சக்' என்றால் உறிஞ்சுவது. அமெரிக்கக் கொச்சையில் 'படு மோசம்'. ஆங்கிலம் தெரியாத ஸ்வீடன்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று இன்றும் கதை சொல்கிறார்கள். உண்மையில் இரண்டு அர்த்தமும் கண்ணில் படட்டும் என்று தெரிந்தே வைத்த வாசகம் அது.

செவ்ரோலே நோவா என்ற அமெரிக்கக் காரின் கதையையும் யாராவது அனுப்பினால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஸ்பானிய மொழியில் 'நோ வா' என்றால் 'போகாது', அதனால் மெக்சிகோவில் கார் விற்கவில்லை என்பார்கள். கார் நன்றாகவே விற்றது. நோவா ஒரே சொல், அழுத்தம் முதல் அசையில். 'நோ வா'வில் கடைசி அசையில். ஸ்பானிய மொழி பேசுபவர் காதுக்கு இரண்டும் வேறு. மெக்சிகோ அரசின் எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ் ஒரு காலத்தில் விற்ற பெட்ரோலுக்கே நோவா என்றுதான் பெயர். 'போகாது' என்று காதில் விழுந்திருந்தால் யார் அதை வண்டியில் ஊற்றியிருப்பார்கள்?