தகவல் சரி, முடிவுதான் தப்பு

உயிரியலில் ஆச்சரியமான தகவல் ஒன்றைக் கேட்டால், அது உண்மையா என்று விசாரிக்கிறோம். உண்மைதான் என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அதற்கு அப்புறம்தான் நடக்கின்றன: அந்த உண்மையிலிருந்து நாமாக ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறோம்.

ஆக்டோபஸுக்கு 3 இதயங்கள். சரி. ஆனால் ஒன்று நின்றால் இன்னொன்று கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தத்தைத் தள்ளுகின்றன, மூன்றாவது உடம்புக்கு அனுப்புகிறது. உபரி என்று எதுவும் இல்லை. வௌவால் கதையும் இதேதான். எதிரொலியை வைத்துப் பறக்கிறது என்றதும் அதற்குக் கண் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டோம். கண் நன்றாகவே தெரியும். பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை பார்வையையும் மோப்பத்தையும் நம்பித்தான் இரை தேடுகின்றன.

செடிகள் இரவில் கரியமில வாயுவை விடுகின்றன என்பதும் உண்மையே. பகலிலும் அவை சுவாசிக்கத்தான் செய்கின்றன, ஒளிச்சேர்க்கை அதை மறைத்துவிடுகிறது. அதனால் படுக்கையறையில் தொட்டிச் செடி வைத்தால் ஆபத்து என்பதுதான் தப்பு. பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் மூச்சோடு ஒப்பிட்டால் செடி விடுவது மிகச் சொற்பம். கள்ளி வகைகள் இரவில் அந்த வாயுவை உள்ளே இழுக்கும் என்று கேள்விப்பட்டு, அறைக் காற்றைச் சுத்தமாக்க அதை வாங்கி வைப்பதும் இதே தவறின் மறுபக்கம்.

இந்தச் சறுக்கலுக்கு மேதைகளும் விலக்கல்ல. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது, மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்றார். அதுவரை சரி. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றார் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார். நீர் போக மிஞ்சும் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது. கரி எரியும்போது வெளிவரும் அந்த வாயுவைப் பற்றி எழுதியவரே அவர்தான் என்பது வேடிக்கை.

தடுப்பூசி விஷயத்தில் இந்தத் தாவல் வேடிக்கையாக முடிவதில்லை. "தட்டம்மை வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்கள், அப்படியானால் ஊசி எதற்கு?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 குழந்தைகள். 990 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 10 பேர் போடாதவர்கள். எல்லோரையும் கிருமி நெருங்குகிறது. இரண்டு தவணை சுமார் 97 சதவீதப் பாதுகாப்புத் தரும், ஆக 990 பேரில் ஏறக்குறைய 30 பேருக்கு வரும். போடாத 10 பேரில் 9 பேருக்கு வரும். நோயாளிகள் 39 பேரில் 30 பேர் ஊசி போட்டவர்கள்தான். ஆனால் பார்க்க வேண்டியது 990-க்கு 30, 10-க்கு 9 என்பதை.

நாய்க்கடிக்குக் கடிபட்ட பிறகும் தடுப்பூசி பலிக்கும் என்பது இன்னும் ஆச்சரியம். ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகிறது, நோய் தெரியப் பெரும்பாலும் 2, 3 மாதங்கள் ஆகும். இதைக் கேட்டுவிட்டு, "அறிகுறி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் உயிர் போய்விடும். அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடுவதும் உண்டு. கடித்த இடத்தை உடனே சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். ஊசி போட்டாலும் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் தோலைத் துளைத்த காயமானால் அதற்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலினையும், அதாவது வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்தமான எதிர்ப்புப் புரதத்தையும், தனியாகப் போடுகிறார்கள். ஊசியைப் பின்பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாக வேலை செய்யாது. பெரியவர்களுக்கு மேற்கையில், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில்.