புதிய நகரில் குடியிருக்கும் பகுதியை நான் தேர்ந்தெடுத்த விதம்

வேலை மாற்றத்தால் பழக்கமில்லாத பெருநகரம் ஒன்றுக்குக் குடிபெயர வேண்டியிருந்தபோது, எந்தப் புறநகரில் வீடு பார்ப்பது என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். அவற்றை ஓரமாக வைத்துவிட்டுப் பயண நேரத்திலிருந்து தொடங்கினேன். மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 1 மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதியிருந்தார். அதையே அளவுகோலாகக் கொண்டு, போக அரை மணி, வர அரை மணி என்று எல்லை வகுத்துக்கொண்டேன். வரைபடச் செயலியை இரவில் திறந்து பார்ப்பவருக்கு எல்லா இடமும் பக்கமாகத்தான் தெரியும் என்பதால், வேலைநாளில் காலை 9 மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கொடுத்துப் பார்த்ததில் பல பகுதிகள் தாமாகவே கழன்றுகொண்டன.

மிஞ்சியவற்றைப் பகலிலும் இரவிலும் நடந்தே பார்த்தேன். நிலையத்திலிருந்து தெரு வரை விளக்கு எரிகிறதா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வாடகை விளம்பரங்களில் வருவதில்லை. ஓரிடத்தில் மதில் சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக ஓடிய பழுப்புக் கறை, அங்கே வெள்ளம் எவ்வளவு நின்றது என்பதைச் சொல்லிவிட்டது. வண்ணம் அடித்தால் போய்விடும் என்றார் தரகர் (கறை போகும்தான்). பள்ளி, மருந்துக்கடை ஆகியவை எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன.

இறுதியில் இரண்டு பகுதிகள் சமமாக நின்றன. குறுகிய கால ஒப்பந்தத்துக்கு இசைந்த வீட்டுக்காரர் கிடைத்த பகுதியில் வாடகைக்குக் குடியேறி, வீடு வாங்கும் பேச்சை ஒரு மழைக்காலம் கழியும்வரை தள்ளிவைத்தேன்.