பைப் கோணவில்லை என்றால் வேலை சுத்தமா? வெல்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பட்டறைகளில் ஜாயின்ட் ஆறியதும் பைப் கோணியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கோணாதது மட்டும் போதாது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கியே தீரும். பைப்பை அசையவிட்டால் கோணும். இறுக்கிக் கிளாம்ப் போட்டால் அந்தச் சுருக்கம் தகைவாக (உலோகத்துக்குள் அடைபட்ட இறுக்கம், stress) உள்ளேயே தங்கும், பல நேரம் உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை வரைக்கும்.

இருப்பதிலேயே மோசமான பழக்கம், சேராத பைப்பை செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டு இழுத்து டேக் (பைப் நகராமல் பிடிக்கும் சின்ன வெல்டு) வைப்பது. இழுத்த விசை முழுக்க ஜாயின்ட்டில் ஏறும். மறுமுனையில் பம்ப் இருந்தால் அலைன்மென்ட் கெட்டு பேரிங் தேயும். ஃபிளேஞ்ச் (பைப் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) போல்ட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். பைப் துள்ளி விலகினால் வெட்டி மறுபடி ஃபிட்-அப் (முனைகளை நேராகப் பொருத்துவது) செய்வதைத் தவிர வழியில்லை.

4 அங்குல பைப்புக்கு 4 டேக் போதும். பைப் வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்து 12 மணி, 6 மணி, 3 மணி, 9 மணி இடங்களில் எதிரெதிராக, ஒவ்வொன்றும் 10–15 மி.மீ. சுற்றி வரிசையாக வைத்தால் கடைசிப் பக்கம் ரூட் இடைவெளி (இரு பைப் முனைகளுக்கு நடுவே விடும் சந்து) மூடிக்கொள்ளும். விரிசல் விட்ட டேக்கைக் கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும், மேலேயே ஓட்டக் கூடாது. ரூட் பாஸையும் (அடியில் ஓட்டும் முதல் சுற்று வெல்டு) கால் கால் வட்டமாக எதிரெதிரே போடுங்கள். 'பலமாக இருக்கட்டும்' என்று பெவலை (பைப் முனையின் சரிவு வெட்டு) அகலமாக்குவதும் கேப்பை (மேலே வரும் கடைசி வெல்டு அடுக்கு) உயர்த்துவதும் வீண்; உலோகம் கூடினால் சுருக்கமும் கூடும்.

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், வெப்பத்தையோ மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். அதனால் கோணலும் அதிகம். பாஸ்களுக்கு நடுவே 150 டிகிரிக்குக் கீழே ஆறவிடுங்கள். தகைவு நீக்கவென்று 600 டிகிரிக்குச் சூடேற்றிவிடாதீர்கள். 425–850 டிகிரியில் குரோமியம் கார்பைடு பிரிந்து, வெல்டின் ஓரம் அரிக்கத் தொடங்கும். அந்தச் சூடு கார்பன் ஸ்டீலுக்கானது: 600–650 டிகிரி, 25 மி.மீ. தடிமனுக்கு 1 மணி நேரம், சுற்றிலும் சீராக. ஒரு பக்கம் மட்டும் டார்ச் காட்டினால் புதுத் தகைவுதான் சேரும்.

ஏற்காட்டு மூடுபனியில் வேலை என்றால் 7018 ராடை (ஈரம் பட்டால் கெடும் குறை-ஹைட்ரஜன் வெல்டிங் குச்சி) திறந்து வைக்காதீர்கள். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜனும் உள்தகைவும் சேர்ந்தால், தடித்த பைப்பில் ஒரு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். ராடை 300–350 டிகிரியில் 1 மணி நேரமாவது சுட்டு, சூடான பெட்டியிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஜாயின்ட்டையும் சூடுகாட்டி ஈரம் போக்குங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல் மூடி ஆறவிட்டு, 48 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள்.