பொற்காலம் தருவோம் என்னும் திட்டத்தை எப்படிச் சோதிப்பது

சமூகம் முழுவதையும் மாற்றிக்காட்டுகிறோம் என்று ஒரு கட்சியோ இயக்கமோ அறிக்கை நீட்டினால், ஆதரிப்பதற்கு முன்பும் எதிர்ப்பதற்கு முன்பும் அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும். இலக்கு நல்லதா என்று பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பசியில்லாத உலகம் வேண்டாம் என்று யார் சொல்வார்? திட்டம் பிசகினால் அந்தச் செய்தி மேலே போய்ச் சேருமா, சேர்ந்த பிறகு திரும்பி வர வழி உண்டா என்பதே பார்க்க வேண்டியது.

முதலில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வார், எந்தச் சட்டப்படி, யார் பணத்தில் என்று எழுதுங்கள். 'வறுமை ஒழிக்கப்படும்' என்பது போன்ற வாக்கியங்களில் செய்பவர் ஒளிந்துகொள்வார்; அவரைத் தேடி எடுங்கள். பாதி இடங்கள் காலியாகவே நின்றால் அது திட்டமல்ல, வாழ்த்துப்பா. அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒரு வாரத்தை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. 1929-இல் சோவியத் அரசு, இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று ஐந்து நாள் சுழற்சியைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் ஐந்து குழுக்கள், குழுவுக்குக் குழு ஓய்வு நாள் வேறு. நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. கணக்குப்படி முன்பைவிட ஓய்வு அதிகம். ஆனால் கணவருக்கு ஒரு நாள் விடுப்பு, மனைவிக்கு வேறொரு நாள். பழுது பார்க்க இடைவெளி கிடைக்காமல் இயந்திரங்களும் கெட்டன. 1931-இல் அதை ஆறு நாள் வாரமாக்கி, 1940-இல் ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள். ஒரு வீட்டின் நாட்காட்டியை வரைந்து பார்த்திருந்தால் முதல் சிக்கலாவது முதல் நாளே தெரிந்திருக்கும்.

இந்தக் கோளாறு இடதுசாரிகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928-இல் அமேசான் காட்டில் தொடங்கிய ரப்பர் நகரமும் இதே வகைதான். காட்டில் தள்ளித் தள்ளி வளரும் மரத்தை வரிசையாக நெருக்கி நட்டதால் இலைக்கருகல் நோய் மரத்துக்கு மரம் தாவியது. மது கூடாது, உணவு இப்படித்தான் என்ற விதிகளால் தொழிலாளர்கள் 1930-இல் கலகம் செய்தார்கள். 1945-இல் இடத்தைப் பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டு நிறுவனம் வெளியேறியது.

மூன்றாவது சோதனைதான் மிக முக்கியம்: வெற்றியை அளக்கும் எண்ணை யார் தருகிறார்? எண்ணைத் தருபவரும் அந்த எண்ணால் பரிசோ தண்டனையோ பெறுபவரும் ஒருவரே என்றால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். 1958-இல், விவசாயத்தையும் தொழிலையும் ஒரே தாவலில் பெருக்க முயன்ற சீனாவின் 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தில், உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலை ஊதிப் பெருக்கிச் சொன்னார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி அரசு தானியத்தை எடுத்துக்கொண்டதால், விளைவித்தவர்களுக்கே சோறு மிஞ்சவில்லை. 1959-இல் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் குறைகளைக் கடிதமாக எழுதித் தலைவர் மாவோவிடம் கொடுத்தார், பதவி போனது. அதன் பிறகு எவர் வாய் திறப்பார்? அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் கோடிக்கணக்கில் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதிகாரிகளின் கெட்ட குணம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கெட்ட செய்திக்கு விலை வைத்தால் நல்ல செய்தி மட்டுமே மேலே போகும்.

பிறகு நல்லவையே ஒன்றோடொன்று மோதும் இடத்தைத் தேடுங்கள். 'எல்லோருக்கும் எல்லாம்' என்ற வரிக்கு ஒரு சிறு கணக்கு. மூவர் இருக்கிறார்கள். ஒருவரின் வரிசை சமத்துவம், சுதந்திரம், பாதுகாப்பு. இரண்டாமவருக்குச் சுதந்திரம், பாதுகாப்பு, சமத்துவம். மூன்றாமவருக்குப் பாதுகாப்பு, சமத்துவம், சுதந்திரம். இரண்டிரண்டாக வாக்கெடுத்தால் சமத்துவம் சுதந்திரத்தை வெல்லும், சுதந்திரம் பாதுகாப்பை வெல்லும், பாதுகாப்பு சமத்துவத்தை வெல்லும். எல்லாம் இரண்டுக்கு ஒன்று. பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே 1785-இல் காட்டிய சிக்கல் இது. ஆகவே 'மக்களின் ஒரே விருப்பம்' என்று அறிக்கை சொன்னால், அந்த வரிசையைத் தீர்மானித்தவர் பெயரைக் கேளுங்கள்.

அடுத்தது, திட்டத்துக்கு யார் என்ன விலை கொடுக்கிறார் என்ற பட்டியல். அதை எழுதும்போது கை கூசும். எழுதித்தான் ஆக வேண்டும். பிரிட்டன் தன் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது போனது அடிமைகளின் 'உரிமையாளர்களுக்கு'. விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்களில் பலர் 1838 வரை 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் கூலியின்றி உழைத்தார்கள். அந்தப் பேரம் இல்லாமல் அன்றைய நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகம். தாளில் 'பெற்றது' ஒரு பத்தி, 'யார் கணக்கில்' இன்னொரு பத்தி. ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்கக் கூடாது.

கடைசியாகத் திரும்பும் வழி. அமெரிக்க மதுவிலக்கு 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கள்ளச்சாராயமும் கடத்தல் கும்பல்களும் பெருகின. 1933 டிசம்பரில், கொண்டுவந்தது போலவே இன்னோர் அரசமைப்புத் திருத்தத்தால் அதை நீக்கினார்கள். தோற்ற திட்டம்தான், ஆனால் கதவு இருந்தது. எந்த ஆண்டு மறுஆய்வு, எந்த எண் வந்தால் கைவிடுவோம், முதலில் எந்த ஒரு மாவட்டத்தில் செய்து பார்ப்போம் என்ற மூன்றும் அறிக்கையில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். 'துரோகிகள்தான் கேட்பார்கள்' என்று பதில் வந்தால் சோதனை முடிந்தது.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு எல்லாத் திட்டத்தையும் தூக்கி எறிபவர்களும் உண்டு. அதுவும் பிழை. பெரியம்மை ஒழிப்பையும் பலர் நடக்காத காரியம் என்றார்கள். 1967-இல் தீவிரமான அந்தத் திட்டம், முதலில் 80 சதவீத மக்களுக்குத் தடுப்பூசி என்று தொடங்கியது. அது மட்டும் போதாது என்று தெரிந்ததும், நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு ஊசி போடும் முறைக்கு மாறினார்கள். இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் பதிவானார். 1980-இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். இலக்கு ஒன்றே, எண்ணலாம், முடிவு கண்ணுக்குத் தெரியும், வழியை மாற்ற யாரும் தண்டிக்கப்படவில்லை. உங்கள் தாளில் உள்ள திட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கட்டம் காலியோ, அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றியே கேளுங்கள்.